ஆள் வராமல் நாற்காலியை விடக்கூடாது: விருத்தாசலம் மாதா கோயில் கச்சேரி

விருத்தாசலத்தில் ஒரு ஆர்கெஸ்ட்ரா இருக்கிறது, மாதா கோயிலில் கச்சேரி செய்கிறது என்று செல்வி போனில் சொன்னாள். கல்யாண மண்டபத்தில் ஒருவர் மினுமினுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு பழைய பாட்டு பாடுவாரே, அதுதான் என்று நினைத்தேன். "அதுக்கெல்லாம் பஸ் செலவு பண்ண முடியாதுடி" என்றேன்.

"பாட்டே கிடையாது. வயலினு, கிளாரினெட்டு, டிரம்பெட்டு, செல்லோ. நான் செல்லோ."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்போதுதான் கொஞ்சம் திடுக்கிட்டது.

செல்வியைப் பற்றி இரண்டு வரி. நான் இன்ஜினீயரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு போன் கம்பெனியில் வேலை பார்த்தேன் அல்லவா, அங்கே பக்கத்து ஸ்டூல் அவளுடையது. ஹாஸ்டலில் என் கட்டிலுக்கு மேல் கட்டிலும் அவளுடையதுதான். குறட்டை விடுவாள். நான் அந்த வேலையையும் விட்டேன். அவள் ஊருக்குத் திரும்பி ஒரு பீங்கான் பட்டறையில் சேர்ந்தாள். அந்தக் குறட்டைக்காரி செல்லோ வாசிக்கிறாள் என்றால் நேரில் பார்க்காமல் எப்படி நம்புவது? ஆகவே போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினேன்.

சென்னையிலிருந்து ரயிலில் போனால் நேராக விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கலாம். எனக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. (கடைசி நிமிடத்தில் கிளம்புகிறவர்களுக்குக் கிடைக்காது. எனக்கு எப்போதும் கிடைத்ததில்லை.) திருச்சி பஸ்ஸில் ஏறி வேப்பூர் கூட்டு ரோட்டில் இறங்கிக்கொண்டேன். விடிகாலை ஐந்து மணி. நெடுஞ்சாலை ஓட்டல்களில் லாரிக்காரர்கள் பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், அந்த நேரத்தில். நான் டீயோடு நிறுத்திக்கொண்டேன், பதினைந்து ரூபாய். அங்கிருந்து விருத்தாசலம் இருபது கிலோமீட்டர் சொச்சம், டிக்கெட் இருபத்தைந்து ரூபாய், முக்கால் மணி நேரம். கண்டக்டரிடம் கச்சேரியைப் பற்றிக் கேட்டேன்.

"கத்தீட்ரல்லயா? எங்க மச்சான்தான் அதுல டிரம்பெட்டு" என்றார், ஏதோ கரும்பு லாரி ஓட்டுகிறார் என்பது போல.

இந்தக் கத்தீட்ரல் விஷயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். ஆயர், அதாவது பிஷப், இருக்கும் கோயில்தான் கத்தீட்ரல். இங்கே ஆயர் கிடையாது. இது சாதாரணப் பங்குக் கோயில், கொஞ்சம் உயரம், அவ்வளவுதான். அதை ஃபாதரே பிரசங்கத்தில் சொல்லிப் பார்த்தாராம். ஊர் கேட்பதாயில்லை. ஆட்டோக்காரரிடம் மாதா கோயில் என்றால் "எந்த மாதா கோயிலு?" என்பார். கத்தீட்ரல் என்றால் நேராகக் கொண்டுபோய் விடுவார்.

செல்விக்குக் காலை ஆறு மணி ஷிப்ட். ஆகவே முதலில் பட்டறைக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ எண்பது ரூபாய், ரயில்வே கேட்டைத் தாண்டி நாலு கிலோமீட்டர். வழி நெடுக உடைந்த பீங்கான் குவியல், வெயில் ஏறாத வெளிச்சத்திலேயே கண்ணைக் கூசியது. ப்யூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, கை இல்லாத பொம்மை. பட்டறை என்பது தகரக் கொட்டகை. உள்ளே ஒரு அறை அளவுக்குக் காஸ் சூளை, அதன் எதிரே ஒரு ஸ்டூல், ஸ்டூலில் செல்வி. தலைமுடியெல்லாம் வெள்ளைத் தூசி. என்னைப் பார்த்ததும் கையை ஆட்டினாள், ஆனால் எழுந்து வரவில்லை.

"ஏன்டி, இத்தன தூரம் வந்திருக்கேன், எழுந்து வர மாட்டியா?"

"ஆளு வராம எடத்த வுட்டு எழுந்திருக்கக் கூடாது. நீ வா."

அந்த சூளையைப் பற்ற வைத்தால் இரண்டு மூன்று நாள் எரியுமாம். ஞாயிறு, தீபாவளி எல்லாம் அதற்குத் தெரியாது. மீட்டரில் சூடு ஏற ஏற காஸைக் குறைத்துக் கூட்டி ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். விட்டால் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றோடொன்று ஒட்டிப் பாறையாகிவிடும். அதனால் மாற்று ஆள் வந்து, மீட்டரைப் பார்த்து, "எடத்த எடுத்துக்கிட்டேன்" என்று வாயால் சொன்ன பிறகுதான் இருக்கிற ஆள் நகரலாம். செல்விக்கு மாற்று ஆள் முருகன் என்பவர். மதியம் இரண்டு மணிக்கு வருவார்.

"கச்சேரி ஒரு மணிக்குன்னு சொன்ன?"

"ஆமா. ஒன்னுலருந்து மூணு. அப்பத்தான ரெண்டு ஷிப்ட் ஆளுங்களும் வாசிக்க முடியும்?"

எனக்குப் புரியவில்லை. அவள் விளக்கினாள். ஆர்கெஸ்ட்ராவில் பாதிப்பேர் பட்டறை ஆட்கள். இரண்டு மணி ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள் முதல் பாதி வாசித்துவிட்டுக் கிளம்புவார்கள். ஷிப்ட் முடித்தவர்கள் வந்து அதே நாற்காலியில், அதே வாத்தியத்தோடு இரண்டாம் பாதி வாசிப்பார்கள். ஊரில் இருப்பது ஒரே ஒரு செல்லோ (முழங்கால்களுக்கு நடுவே வைத்து வாசிக்கும் பெரிய வயலின்), எப்போதோ இருந்த ஒரு ஃபாதர் விட்டுப்போனது. முதல் பாதிக்கு முருகன். இரண்டாம் பாதிக்குச் செல்வி. முருகன் தன் பைக்கில் பட்டறைக்கு வருவார், அதே பைக்கை எடுத்துக்கொண்டு செல்வி கோயிலுக்குப் போவாள். ஒரு சூளை, ஒரு செல்லோ, ஒரு பைக், இரண்டு பேர்.

"அப்ப அவரு வாசிச்சு நீ கேட்டதே இல்லியா?"

"எங்க கேக்கறது? அவரும் நான் வாசிச்சுக் கேட்டதில்ல. ஆனா அண்ணன் ரொம்ப முறுக்கி வெச்சுட்டுப் போவாரு, தந்திய எறக்கறதுக்குள்ள எனக்கு உசுரு போவும்."

அப்புறம் குரலை இறக்கினாள். இன்று கடைசி உருப்படியில் செல்லோ மட்டும் தனியாக வருகிறதாம். இத்தனை நாளும் தனி வாசிப்பெல்லாம் முருகனுக்குத்தான். முதல் தடவையாக அவளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவள் அப்பாவும் அம்மாவும் கம்மாபுரம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்து வருகிறார்கள், அதுவும் முதல் தடவை.

"நல்லதுதானடி?"

"இன்னா நல்லது? ஞாயித்துக்கெழமயானா வூட்டுக்கு வராம மாதா கோயில்ல இன்னா வேலன்னு ஒரே சண்ட. கடசியா அப்பா சொன்னாரு, நான் ஒரு தடவ வந்து பாக்கறேன், பாத்துட்டு வுட்டுடுன்னா வுட்டுடணும்னு. சரின்னு தலைல அடிச்சு சத்தியம் பண்ணிட்டேன்."

"பைத்தியமாடி நீ?"

"பின்ன? வேற எப்டி அவர வர வெக்கறது?"

நான் எதையாவது விட வேண்டும் என்றால் யாரையும் கேட்பதில்லை, விட்டுவிட்டு அடுத்த பஸ் ஏறிவிடுவேன். விடாமல் இருப்பதற்காக ஒருத்தி இப்படிச் சூதாடுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

கோயிலுக்குப் பன்னிரண்டரைக்கே போய்விட்டேன். செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே பெஞ்சு கிடையாது, தரையில் பாய். பீடத்துக்கு இரண்டு பக்கமும் ஆளுயரப் பூ ஜாடி என்று நினைத்தது, பக்கத்தில் போய்ப் பார்த்தால் கரண்ட் கம்பத்தில் தொங்கும் பெரிய பீங்கான்! ஏதோ ஒரு பட்டறையில் லேசாக வளைந்துபோன சரக்கைக் கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். அதில் சம்பங்கி செருகியிருந்தது. மின்விசிறி எல்லாம் ஒரு மணிக்கு நிறுத்தப்பட்டது, நோட்டுக் காகிதம் பறக்குமாம். முந்நூறு பேர் சத்தமில்லாமல் வேர்த்தார்கள்.

செல்வியின் அம்மா என்னை எப்படியோ கண்டுபிடித்து, அவித்த கடலையை ஒரு கை நிறையக் கொடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அப்பா ஆண்கள் பக்கம், தூண் ஓரமாக. தோள் துண்டை எடுப்பதா வேண்டாமா என்று தெரியாமல் எடுத்துப் போட்டு, போட்டு எடுத்து, கடைசியில் மடியில் வைத்துக்கொண்டார்.

ஸ்டெல்லா டீச்சர் வந்து நின்றார். ஸ்கூலில் கணக்கு டீச்சர், இங்கே கண்டக்டர் (பஸ் கண்டக்டர் இல்லை). கையில் கோலுக்குப் பதில் அடி ஸ்கேல், ஸ்டீல். அதை உயர்த்தினார். இறக்கினார்.

என்ன சொல்வது. நான் மோசமாக இருக்கும் என்று தயாராகப் போயிருந்தேன். வயலின்கள் கொஞ்சம் முன்னே பின்னே இழுத்தன, அது உண்மை. டிரம்பெட் மச்சான் ஒரு இடத்தில் ஊதவே மறந்தார். ஆனால் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு இழுத்து ஆரம்பித்தபோது, உயரமான அந்தக் கூரையில் சத்தம் போய் மோதித் திரும்பி வந்தபோது, என் கையில் இருந்த கடலையை உரிக்க மறந்தேன். முருகன் நாற்பது வயது இருப்பார், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பெரிய வாத்தியத்தைக் கட்டிப்பிடித்திருந்தார்.

ஒன்றே முக்கால் மணிக்கு ஒரு உருப்படி முடிந்ததும் மாற்றம் ஆரம்பித்தது. ஒரு கிளாரினெட்காரர் எழுந்தார், கை கழுவின ஈரத்தோடு வேறொருவர் உட்கார்ந்தார் (சூளை பார்க்காதவர்களைப் பட்டறையில் கொஞ்சம் முன்னதாகவே விட்டுவிடுவார்களாம்). வயலினில் ஒரு அம்மா போனார், ஒரு பெண் வந்தாள். யாரும் கைதட்டவில்லை, யாரும் வேடிக்கைகூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் வாயைப் பிளந்துகொண்டு போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே போனை அணைத்துவிட வேண்டும் என்பது விதி. நான் அணைக்கவில்லை. நல்ல வேளை.

இரண்டு மணி பத்து நிமிடம். போன் அதிர்ந்தது. செல்வி. துப்பட்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு எடுத்தேன்.

"எங்கடி முருகண்ணன்? இன்னும் காணோம்!"

நிமிர்ந்து பார்த்தேன். முருகன் அதே நாற்காலியில் இருந்தார். வாசிக்காமல், செல்லோவைப் பிடித்துக்கொண்டு, வாசலைப் பார்த்துக்கொண்டு.

"இங்கதான்டி இருக்காரு."

"அய்யோ! அவரு வராம நான் எப்டி வர்றது? கேளுடி போய்!"

சுற்றிலும் வாத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. நான் குனிந்து நடந்து, வயலின்களுக்கு நடுவே புகுந்து அவர் காதருகே போனேன். "அண்ணா, செல்வி காத்துக்கினு இருக்கா. கெளம்புங்க."

"செல்வி வந்தா நான் கெளம்பிடுவேம்மா."

"நீங்க போனாத்தாண்ணா அவ வருவா!"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "அதுவும் சரிதான்" என்றார். நகரவில்லை.

எனக்குத் தலை சுற்றியது. பிறகுதான் விஷயம் தெரிந்தது. முன்னொரு கச்சேரியில் ஆள் மாறும்போது செல்லோவை நாற்காலியில் சாய்த்து வைத்துவிட்டுப் போனார்களாம். ஒரு குழந்தை தாவியதில் விழுந்து கழுத்து ஒடிந்தது. பாண்டிச்சேரியில் கொடுத்து ஒட்டி வாங்க ஒரு வருடம் ஆனது. அன்றிலிருந்து டீச்சரும் சூளைச் சட்டத்தையே போட்டுவிட்டார்: வாங்கிக்கொள்ள ஆள் வராமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. முருகன் போய்ச் செல்வி வரும் வரை நடுவில் செல்லோவைப் பிடித்துக்கொண்டு உட்காருவது கோயில்பிள்ளை அந்தோணியின் வேலை. கோயிலைக் கூட்டி, மணியடித்து, விளக்கேற்றுகிறவர். இன்று மூன்றரை மணிக்கு இதே கோயிலில் அவர் அக்கா மகளுக்குக் கல்யாணம். பெண்ணைக் கூட்டிவர அவர் நல்லூருக்குக் காரில் போய்விட்டார். வேறு ஆளை யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லாரும் நினைத்தார்கள். அதனால் அங்கே இவருக்காக அவள், இங்கே அவளுக்காக இவர். இரண்டு பேரும் விதியைத் துளிகூட மீறவில்லை. விடிய விடிய உட்கார்ந்திருப்பார்கள்.

டீச்சர் ஸ்கேலை ஆட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்தார். "யாரும்மா நீ?"

"செல்வி ஃப்ரெண்டுங்க."

"ஏதாச்சும் வாசிப்பியா?"

"ஒன்னுமே தெரியாதுங்க."

"அப்ப கெடுக்கவும் மாட்ட. உக்காரு."

நான் வாயைத் திறப்பதற்குள் முருகன் எழுந்து என்னை அந்த நாற்காலியில் அழுத்தி, முழங்கால்களுக்கு நடுவே செல்லோவைச் சாய்த்து, வலது கையில் வில்லைத் திணித்தார். "எடத்தக் குடுத்துட்டேன்" என்றார். போகாமல் நின்றார். "எடுத்துக்கிட்டேன்னு சொல்லும்மா, நேரமாவுது!"

"எடுத்துக்கிட்டேன்" என்றேன். ஓடிவிட்டார்.

முந்நூறு பேர் என்னைப் பார்த்தார்கள். ஜீன்ஸ், ராத்திரி பஸ்ஸில் கசங்கிய குர்தா, தலையில் கடலைத் தோல். நான் ஜாக்கிரதையாக வில்லைத் தள்ளிப் பிடித்தேன், அது போய்த் தந்தியில் பட்டது. விடிகாலை வேப்பூரில் பஸ் பிரேக் போட்டபோது கத்திய அதே சத்தம். ஒரு குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அந்தச் சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்செலும்பில் கேட்டது. வாத்தியம் ஆளைத் தொட்டுக்கொண்டு அதிரும் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. பயந்துபோய் வில்லை மடியில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரத்தில் செல்வியின் அப்பா தூணை விட்டு எழுந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாய்களுக்கு நடுவே நடந்து நேராக என்னிடமே வந்தார். "எம் பொண்ணு எங்கம்மா? அவ எடத்துல நீ இன்னா பண்ற?"

தணிந்த குரலில் விஷயத்தைச் சொன்னேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன்.

"மாத்தாளு போவலியா?"

"இப்பதாங்க போறாரு."

"ஆளு வராம எப்டிம்மா அது வரும்? மொறத் தண்ணி பாச்சறப்ப நானும் மோட்டாரு கொட்டாயில அப்டித்தான் நின்னுருக்கேன்." திரும்பிப் போய் உட்கார்ந்துவிட்டார்.

இரண்டே முக்காலுக்குப் பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. அது செல்லோவின் விலாவில் பட்டு ஊரெல்லாம் கேட்கும்படி உறுமியது. செல்வியின் மெசேஜ்: கூட்ஸ் வண்டிக்காக ரயில்வே கேட் மூடியிருந்து, முருகன் இப்போதுதான் வந்தார், கிளம்பிவிட்டேன். டீச்சருக்குச் சைகை காட்டினேன். டீச்சர் ஸ்கேலால் ஒரு வட்டம் போட்டார். ஆர்கெஸ்ட்ரா முடித்த உருப்படியை மறுபடி ஆரம்பித்தது. மூன்றாவது தடவை ஆரம்பித்தபோது பின்னால் ஒருவர் கேட்டது எனக்கே காதில் விழுந்தது.

"இது முன்னியே வாசிச்சதாச்சே?"

"நல்லாத்தான இருக்குது, கம்முனு கேளேன்."

மூன்று மணி தாண்டியதுமே வாசலில் கல்யாண கோஷ்டி. மாப்பிள்ளையின் சித்தப்பா போலிருக்கிறது, கழுத்துச் சங்கிலி தெரியும்படி சட்டை, உள்ளே வந்து டீச்சர் காதில் படும்படி ஃபாதரிடம் சொன்னார்: "மூணுக்கே முடிஞ்சிடும்னீங்க? மேட தொடைக்கணும், பூ வெக்கணும். ஒரு பொம்ம மாதிரி அந்தப் பொண்ணு உக்காந்துக்கினு இருக்குது, அதுக்கா நாங்க நிக்கறோம்?"

ஃபாதர் கடிகாரத்தைப் பார்த்தார். டீச்சர் ஸ்கேலை நிறுத்தவில்லை, ஆனால் முகம் விழுந்துவிட்டது. பெண்ணோடு வந்து இறங்கியிருந்த அந்தோணி, பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"குடு பாப்பா, உள்ள எடுத்து வெச்சுடறேன். நீ எழுந்து போ. கால் மரத்துப் போயிருக்கும்."

மரத்துத்தான் போயிருந்தது. உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் வாசலில் பஸ் நின்றிருந்தால் ஏறியிருப்பேன். எழுந்து கொடுத்தால் முடிந்தது: செல்லோ அறைக்குள் போகும், கச்சேரி முடியும், செல்வி வந்து காலி நாற்காலியைப் பார்ப்பாள், அவள் அப்பா அவள் வாசிப்பைக் கேட்காமலே ஊருக்குப் போவார், சத்தியம் சத்தியமாகவே நிற்கும். அந்தோணி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றார்.

"நீங்க செல்வி இல்லியே" என்றேன்.

"இன்னாது?"

"வாசிக்கற ஆளு வராம எழுந்திருக்கக் கூடாதாமே. டீச்சர் ரூலு. நான் எடுத்துக்கிட்டேன்னு வேற சொல்லிட்டேன்."

எங்கிருந்து வந்தது அந்தத் திமிர், தெரியவில்லை. டிரம்பெட் மச்சான் ஊதுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். சித்தப்பா "யாருய்யா இது?" என்று கத்தினார். அப்போது வாசலில் நின்றிருந்த கல்யாணப் பெண், தலையில் வெள்ளை முக்காடு, கையில் பூச்செண்டு, நெற்றியெல்லாம் வியர்வை, அங்கிருந்தே சொன்னாள்: "மாமா, அந்தக்கா வரட்டும். எனக்கும் காலு வலிக்குது, செத்த உக்காந்துக்கறேன்." சொல்லிவிட்டுப் பட்டுப் புடவையோடு கடைசிப் பாயில் உட்கார்ந்தாள். பெண்ணே உட்கார்ந்த பிறகு சித்தப்பா என்ன செய்வார்? அவரும் உட்கார்ந்தார், முனகிக்கொண்டு.

மூன்று பத்துக்குச் செல்வி வந்தாள். கையில் களிமண் காய்ந்து வெடித்திருந்தது, முழங்கையில் வெள்ளை. துப்பட்டாவை முக்காடு போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாக என் முன்னே நின்றாள். மூச்சு வாங்கியது.

"எடத்தக் குடுத்துட்டேன்" என்றேன்.

"எடுத்துக்கிட்டேன். நீ போ."

எழுந்தேன், விழுந்தேன். கால் இல்லை. அந்தோணிதான் தூக்கி விட்டார். பீடத்துப் படியின் ஓரத்தில், பூ செருகிய கரண்ட் பீங்கான் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டேன்.

டீச்சரே எழுதிய உருப்படியாம், இன்னும் பெயர் வைக்கவில்லை. செல்வி முதலில் தந்திகளை இறக்கினாள், முருகனைத் திட்டிக்கொண்டேதான் இருந்திருப்பாள். முதல் இழுப்பு நடுங்கியது, பைக் பிடித்த கை. இரண்டாவதும் சரியில்லை. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்தது சரியாக விழுந்தது. அதற்குப் பிறகு மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து அவள் மட்டும் தனியாகப் போனாள். இசையைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இதுதான்: கொஞ்ச நேரத்துக்கு முன் என் நெஞ்செலும்பில் உறுமிய அதே கட்டை அது. அதிலிருந்து இது வரும் என்பதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை. ஹாஸ்டலில் என் தலைக்கு மேல் குறட்டை விட்டவளின் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியாத ஒருத்தி அங்கே உட்கார்ந்திருந்தாள். அழுகை வரவில்லை, அதிர்ந்துபோய் இருந்தேன், யாரோ பின்னால் வந்து திடீரென்று கத்தியது போல.

முடிந்ததும் முதலில் கைதட்டியது கல்யாணப் பெண்.

வெளியே வேப்பமரத்தடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது செல்வி அப்பாவின் முன் போய் நின்றாள். நாலு மணி பஸ்ஸுக்கு அவர்கள் கிளம்ப வேண்டும். அம்மா பையைக் கட்டிக்கொண்டே இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சொல்லுப்பா. வுட்டுடணுமா?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டார். வாசித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைக் கை காட்டினார்.

"இந்தப் பொண்ணு அவ்ளோ நேரம் அந்த நாற்காலில உக்காந்திருந்துச்சே, பாத்தியா? எடம் காலியா கெடக்கக் கூடாதுன்னு உங்க டீச்சரே சொல்றாங்க. நீ வுட்டுட்டா அதுல யாரு உக்காருவா? இதுவா?"

அம்மா சிரித்த சிரிப்பில் பையிலிருந்த மீதிக் கடலை தரையில் கொட்டியது. செல்வி சிரிக்கவில்லை. குனிந்து கடலையைப் பொறுக்க ஆரம்பித்தாள், ரொம்ப நேரம் நிமிரவே இல்லை.

போக நினைப்பவர்களுக்கு: ரயில் கிடைத்தால் ரயில், இல்லையென்றால் நான் போன வேப்பூர் வழி. ஊருக்குள் ஆட்டோ எண்பதுக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம். கச்சேரி வருடத்துக்கு நாலு தடவை, எல்லாம் ஞாயிறு மதியம், அனுமதி இலவசம். தண்ணீரும் விசிறியும் எடுத்துப் போங்கள், உள்ளே அனலாக இருக்கும். ரயில்வே கேட்டுக்கு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். பட்டறைகளில் கேட்டால் கொஞ்சம் கோணிய ஜாடிகள் மலிவாகக் கிடைக்கும். நான் வாங்கியது பஸ்ஸிலேயே உடைந்துவிட்டது, துணியில் சுற்றுங்கள். சூளைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரை எழுந்து வரச் சொல்லாதீர்கள்.

இதைப் படித்து வருகிறவர்களுக்கு என் பழக்கம் தெரியும்: எந்த ஊருக்கும் இரண்டாம் தடவை போனதில்லை. நேற்று செல்வி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாள். பின்னணியில் சூளை உறுமியது.

"அந்தோணி அண்ணனுக்கு முட்டி வலியாம்டி, செல்லோவ முட்டிக்கு நடுவுல புடிக்க முடியலியாம், இனிமே மணியடிக்கறதோட சரியாம். நடுவுல உக்கார ஆளு வேணும்னு டீச்சர் கேட்டாங்க. வேற யாராச்சும் ஆளு சொல்லிக்குவாங்கன்னு இந்தவாட்டி நான் கம்முனு இருக்கல. உம் பேரச் சொல்லிட்டேன்."

திட்டலாம் என்றுதான் போனை எடுத்தேன். வாயில் வந்தது வேறு.

"எடுத்துக்கிட்டேன்" என்று அனுப்பிவிட்டேன்.